பன்னிரண்டு கட்டளைகள் ஏன் இரண்டாகச் சுருங்கின? கம்பைலரின் மொழிபெயர்ப்பு குறித்து ஓர் ஐயம்

கேள்வி

வணக்கம். சி மொழியில் ஓரளவு நிரல் எழுதப் பழகியிருக்கிறேன். நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் உள்ளே என்னதான் செய்கிறது என்று அறியும் ஆவலில், 64-பிட் லினக்ஸ் கணினியில் ஜிசிசி என்னும் கம்பைலரை ‘-எஸ்’ தெரிவுடன் இயக்கி, அது எழுதித் தரும், செயலியின் கட்டளைகளைச் சொற்களில் காட்டும் அசெம்பிளிக் கோப்பைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கத் தெளிவு பிறக்கும் என்று எண்ணினேன்; குழப்பம்தான் கூடியது.

நான் எடுத்துக்கொண்ட செயற்கூறு மிகச் சிறியது. அ, ஆ என்னும் இரண்டு முழு எண்களைப் பெற்றுக்கொண்டு, இ = அ + ஆ * 4 என்று கணக்கிட்டு, இ-யைத் திருப்பித் தருவது மட்டுமே அதன் வேலை. மேம்படுத்தல் எதுவும் இல்லாமல், அதாவது ‘-ஓ0’ நிலையில், கிடைத்தது இது (இன்டெல் வரிசைப்படி, இலக்கு முதலில் வருமாறு தமிழ் எழுத்தில் தருகிறேன்; ஆர்பிபி, ஈஏஎக்ஸ் போன்றவை ரெஜிஸ்டர்கள், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடங்கள்; ‘ஆர்’ எனத் தொடங்கும் பெயர் 64-பிட் முழுமையையும், ‘ஈ’ எனத் தொடங்குவது அதன் கீழ் 32 பிட்களையும் குறிக்கும்; சதுர அடைப்புக்குள் இருப்பது முகவரி):

புஷ் ஆர்பிபி
மூவ் ஆர்பிபி, ஆர்எஸ்பி
மூவ் [ஆர்பிபி-20], ஈடிஐ
மூவ் [ஆர்பிபி-24], ஈஎஸ்ஐ
மூவ் ஈஏஎக்ஸ், [ஆர்பிபி-24]
லீ ஈடிஎக்ஸ், [0+ஆர்ஏஎக்ஸ்*4]
மூவ் ஈஏஎக்ஸ், [ஆர்பிபி-20]
ஆட் ஈஏஎக்ஸ், ஈடிஎக்ஸ்
மூவ் [ஆர்பிபி-4], ஈஏஎக்ஸ்
மூவ் ஈஏஎக்ஸ், [ஆர்பிபி-4]
பாப் ஆர்பிபி
ரெட்

அதே கோப்பை மேம்படுத்தலுடன், அதாவது ‘-ஓ2’ நிலையில், கொடுத்தால் இரண்டே கட்டளைகள் வருகின்றன:

லீ ஈஏஎக்ஸ், [ஆர்டிஐ+ஆர்எஸ்ஐ*4]
ரெட்

சி மொழியின் ஒவ்வொரு கூற்றுக்கும் இன்ன கட்டளைகள் என்று கம்பைலரிடம் ஓர் அட்டவணை இருக்கும், அது வரிவரியாகப் படித்து அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டே போகும் என்பதுதான் இதுவரை என் எண்ணம். அப்படியென்றால் ஒரே வரிக்கு இருவேறு விடைகள் எப்படி வர முடியும்? இ என்னும் மாறி இரண்டாவது வடிவத்தில் எங்கே போயிற்று? முகவரியைக் கணக்கிடும் கட்டளை என்று நான் படித்த ‘லீ’, முகவரியே இல்லாத இடத்தில் ஏன் வருகிறது? முதல் வடிவத்தில் ஒரு வரியில் எழுதிய மதிப்பை அடுத்த வரியிலேயே மீண்டும் படிப்பது ஏன்?

இன்னொன்று. குறியற்ற (எதிர்ம மதிப்பு இல்லாத) 32-பிட் எண் ஒன்றை 10-ஆல் வகுக்கும் செயற்கூறை எழுதிப் பார்த்தேன். வகுத்தல் கட்டளையே அங்கு இல்லை. 3435973837 என்னும் எண்ணால் பெருக்கி, 35 பிட்கள் வலப்பக்கம் நகர்த்துகிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது?

நானே ஒரு சிறு கம்பைலர் எழுதிப் பார்க்கும் எண்ணமும் உண்டு. எனவே சற்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

அட்டவணை இருக்கிறது. ஆனால் அது நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. வரிகளுக்கும் கட்டளைகளுக்கும் இடையே நேரடியான தொடர்பு இருப்பதாக எண்ணும்வரை நீங்கள் கேட்டவை எல்லாம் புதிராகவே இருக்கும். ஏனென்றால் கட்டளைகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் வருவதற்கு வெகு முன்பே கம்பைலர் உங்கள் வரிகளைத் தூக்கி எறிந்துவிடுகிறது.

முதலில் எழுத்துகளின் ஓட்டம் டோக்கன்களாக, அதாவது பொருளுள்ள மிகச் சிறு துண்டுகளாக, வெட்டப்படுகிறது. உங்கள் கூற்றில் இ, =, அ, +, ஆ, *, 4, அரைப்புள்ளி என எட்டு டோக்கன்கள் உள்ளன. இடைவெளிகளும் வரி முறிவுகளும் இத்துடன் மறைகின்றன. அடுத்து, மொழியின் இலக்கணத்தைக் கொண்டு இந்த எட்டும் ஒரு மரமாகக் கட்டப்படுகின்றன: உச்சியில் மதிப்பளித்தல், அதன் இடக்கிளையில் இ, வலக்கிளையில் கூட்டல், கூட்டலுக்குக் கீழே ஒருபுறம் அ, மறுபுறம் பெருக்கல், பெருக்கலுக்குக் கீழே ஆ-வும் 4-உம். கூட்டலைவிடப் பெருக்கலுக்கு முன்னுரிமை என்று பள்ளியில் படித்த விதி இப்போது மரத்தின் வடிவத்திலேயே அடங்கிவிட்டது. அதற்குப் பின் வரும் எந்தக் கட்டமும் முன்னுரிமையைப் பற்றி மீண்டும் யோசிக்க வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொரு கிளைக்கும் வகை சரிபார்க்கப்படுகிறது. உங்கள் எடுத்துக்காட்டில் எல்லாமே முழு எண்கள் என்பதால் இக்கட்டம் ஓசையின்றிக் கடந்துபோகிறது; அ பதின்மப் புள்ளி எண்ணாக இருந்திருந்தால், பெருக்கலின் விடையைப் பதின்ம வடிவுக்கு மாற்றும் கணு ஒன்று, நீங்கள் எழுதாமலேயே, மரத்தில் செருகப்பட்டிருக்கும்.

இந்த மரம் அடுத்ததாக இடைநிலை வடிவம் ஒன்றுக்கு மாற்றப்படுகிறது. ஜிசிசி-யில் அதற்கு ஜிம்பிள் என்று பெயர். கிளாங் என்னும் இன்னொரு கம்பைலர் பயன்படுத்தும் எல்எல்விஎம் என்னும் அடித்தளம் தனக்கென ஒரு வடிவத்தை வைத்திருக்கிறது. எந்தச் செயலிக்கும் சொந்தமில்லாத ஓர் எளிய அசெம்பிளி என்று அதைக் கருதலாம். உங்கள் செயற்கூறு அங்கே ஏறத்தாழ இப்படி இருக்கும்:

த1 = ஆ * 4
த2 = அ + த1
இ = த2
திருப்பு இ

மேம்படுத்தல் நடப்பது பெரும்பாலும் இந்த வடிவத்தின் மீதுதான். அதற்கு வசதியாக, ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒருமுறைதான் மதிப்பளிக்கப்படும் என்னும் கட்டுப்பாட்டுடன் இவ்வடிவம் மாற்றி எழுதப்படுகிறது. நிரலில் ஒரே மாறிக்கு மூன்று இடங்களில் மதிப்பளித்திருந்தால், இங்கே அது மூன்று தனித்தனிப் பெயர்களாகப் பிரிந்துவிடும். எஸ்எஸ்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வடிவத்தை விரைவாகக் கட்டும் வழியை ரான் சைட்ரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1991-இல் விரிவாக வெளியிட்ட பிறகு அது பரவலாயிற்று. ஒரு பெயருக்கு ஒரே பிறப்பிடம் என்றானபின், ‘இ என்பது த2-வின் மறுபெயர்தான்’ என்று கண்டுபிடிப்பது மிக எளிது. உங்கள் இ மறைந்தது இங்கேதான். மாறி என்பது நிரல் எழுதுபவர் ஒரு மதிப்புக்குச் சூட்டும் பெயர். அந்தப் பெயருக்கு நினைவகத்தில் ஓர் இடம் இருந்தே தீர வேண்டும் என்று சி மொழி எங்கும் கட்டாயப்படுத்தவில்லை.

இனி உங்கள் அட்டவணை. செயலியின் ஒவ்வொரு கட்டளையும் எந்த வடிவக் கணக்கைச் செய்யவல்லது என்னும் விவரம் ஜிசிசி-யில் மெஷின் டிஸ்கிரிப்ஷன் எனப்படும் கோப்புகளில், செயலிக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதில் இடப்பக்கம் இருப்பது சி மொழியின் கூற்று அன்று, கணக்கின் வடிவம். தரையில் ஓடு பதிப்பதைப் போல, உங்கள் கணக்கின் மரத்தை இந்த வடிவங்களால் மூட வேண்டும். எந்தக் கிளையும் விடுபடக் கூடாது, ஓடுகளின் மொத்தச் செலவும் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் கணினியில் உள்ளதைப் போன்ற எக்ஸ்86 குடும்பச் செயலிகளில் முகவரி என்பது ஓர் அடிப்படை ரெஜிஸ்டர், அதனுடன் 1, 2, 4, 8 ஆகியவற்றுள் ஒன்றால் பெருக்கப்பட்ட இன்னொரு ரெஜிஸ்டர், அதனுடன் ஒரு நிலையெண் என்னும் கூட்டுத்தொகையாக அமையலாம். ‘லீ’ கட்டளை அந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு ரெஜிஸ்டரில் வைக்கிறது; நினைவகத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே கம்பைலரின் கண்ணுக்கு அது முகவரிக் கட்டளையாகத் தெரிவதில்லை. ‘அ + ஆ * 4’ என்னும் முழு மரத்தையும் தனியொருவனாக மூடிவிடும் பெரிய ஓடாகத் தெரிகிறது. நீங்கள் 4-க்குப் பதிலாக 7 என்று எழுதியிருந்தால் இந்த ஓடு பொருந்தியிருக்காது. அப்போது ஆ-வை 8-ஆல் பெருக்கி அதிலிருந்து ஆ-வை ஒருமுறை கழித்து, பிறகு அ-வைக் கூட்டும் கட்டளைகளை வழக்கமாகப் பார்க்கலாம்.

‘-ஓ0’ நிலையில் எழுதியதையே திரும்பப் படிப்பதற்குக் காரணம் வேறு. அந்நிலையில் ஒவ்வொரு கூற்றும் முடிந்தவுடன் அதன் விளைவு நினைவகத்தில் இருந்தாக வேண்டும். அப்போதுதான் பிழை தேட உதவும் கருவியான டிபக்கரில் எந்த வரியில் நிறுத்தினாலும் மாறியின் மதிப்பைப் பார்க்கவும், மாற்றிவிட்டுத் தொடரவும் முடியும். அதனால்தான் ஒரு கூற்று முந்தைய கூற்றின் விடையை ரெஜிஸ்டரில் எதிர்பார்க்காமல் நினைவகத்திலிருந்தே படிக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், ‘-ஓ0’ என்பது எந்தச் சாமர்த்தியமும் இல்லாத மொழிபெயர்ப்பு.

வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. மேம்படுத்தல் என்பது கம்பைலர்களில் பிற்காலத்தில் ஒட்டவைத்த அலங்காரம் என்று பலர் எண்ணுகின்றனர். ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் நிறுவனத்தில் 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் கம்பைலரே தீவிரமாக மேம்படுத்தும் கம்பைலர்தான். கையால் எழுதிய அசெம்பிளிக்கு நிகரான வேகம் இல்லாவிட்டால் யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்னும் அச்சம் அக்குழுவுக்கு இருந்தது.

மறுமொழி 2

மேலே நண்பர் விட்டுவிட்ட ஒரு கட்டத்தை மட்டும் சேர்க்கிறேன்: ரெஜிஸ்டர் ஒதுக்கீடு. என் பார்வையில் கம்பைலரின் பின்பகுதியில் மிகக் கடினமான வேலை அதுதான்.

இடைநிலை வடிவத்தில் த1, த2, த3 என்று எத்தனை பெயர்கள் வேண்டுமானாலும் இருக்கலாம். செயலியில் அப்படி இல்லை. 64-பிட் எக்ஸ்86-இல் பொது ரெஜிஸ்டர்கள் 16. அவற்றுள் ஆர்எஸ்பி, தற்காலிக மதிப்புகளை அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதியான ஸ்டேக்கின் உச்சியைக் காட்டுவதற்குப் போய்விடும். 64-பிட் ஆர்ம் செயலிகளில் 31 உள்ளன. ஆயிரம் பெயர்களை இந்தச் சில இடங்களுக்குள் அமர்த்துவது எப்படி? ஒரே நேரத்தில் உயிருடன் இருக்கும் இரண்டு மதிப்புகள் ஒரே ரெஜிஸ்டரில் இருக்க முடியாது. வெவ்வேறு நேரங்களில் வாழ்பவை தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம். மதிப்புகளைப் புள்ளிகளாக வைத்து, ஒரே நேரத்தில் வாழும் இரண்டிரண்டையும் கோட்டால் இணைத்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். கோட்டால் இணைந்த இரு புள்ளிகளுக்கு ஒரே நிறம் வராதபடி 15 நிறங்களுக்குள் தீட்ட முடிகிறதா என்பதே கேள்வி. ஐபிஎம்-இல் கிரெகரி சைட்டினும் உடன் பணியாற்றியவர்களும் 1981-இல் இந்த வழியை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். பொதுவான வரைபடங்களுக்கு இது கணிப்பதற்கு மிகக் கடினமான சிக்கல் என்று நிறுவப்பட்டிருப்பதால், கம்பைலர்கள் தோராய வழிகளையே நாடுகின்றன. நிறம் போதாதபோது ஒரு மதிப்பு ஸ்டேக்குக்குத் தள்ளப்படுகிறது. அதிகம் சுழலும் லூப்பின் உள்ளே பயன்படும் மதிப்பைத் தள்ளாமல், வெளியே எப்போதோ ஒருமுறை பயன்படுவதைத் தள்ளுவது நல்ல கம்பைலரின் அடையாளம்.

உங்கள் செயற்கூறில் அ ஈடிஐ-யிலும் ஆ ஈஎஸ்ஐ-யிலும் வந்திறங்குவது கம்பைலரின் விருப்பத்தால் நிகழ்வதன்று. செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைக்கும் முறைக்காக லினக்ஸில் பின்பற்றப்படும் சிஸ்டம் வி உடன்பாட்டின்படி முதல் ஆறு முழு எண் மதிப்புகள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்னும் வரிசையில் அனுப்பப்படும். விடை ஆர்ஏஎக்ஸ்-இல் திரும்பும். விண்டோஸில் முதல் இரண்டும் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் என்பதால் அதே செயற்கூறு அங்கே ‘லீ ஈஏஎக்ஸ், [ஆர்சிஎக்ஸ்+ஆர்டிஎக்ஸ்*4]’ என்றாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கவனியுங்கள். முதல் வடிவத்தில் ஆர்எஸ்பி-யைக் குறைத்து இடம் ஒதுக்காமலேயே -4, -20, -24 ஆகிய இடங்களில் எழுதுகிறது. வேறு எந்தச் செயற்கூறையும் அழைக்காத செயற்கூறுகள், ஆர்எஸ்பி-க்குக் கீழே 128 பைட்களை ஒதுக்காமலேயே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதே உடன்பாடு சலுகை தருகிறது. ரெட் ஸோன் என்று அதற்குப் பெயர். விண்டோஸ் உடன்பாட்டில் இந்தச் சலுகை கிடையாது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. ஓடு பதிக்கும் உவமை என் குழப்பத்தின் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டது.

வகுத்தலைப் பற்றி நானே சற்று முயன்றேன். 2-இன் 35-ஆம் அடுக்கு 34359738368. அதைப் பத்தால் வகுத்தால் 3435973836.8, மேல்நோக்கி முழுமையாக்கினால் அந்த எண் வந்துவிடுகிறது. ஆக, பத்தில் ஒன்று என்னும் பின்னத்தை 35 பிட் அளவில் எழுதிப் பெருக்குகிறது என்பது புரிந்தது. ஆனால் 35 ஏன்? 34 பிட் அளவில் எழுதினால் 1717986919 என்னும் சிறிய எண் போதுமே. 0 முதல் 1 கோடி வரை எல்லா எண்களுக்கும் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. கம்பைலர் தேவையின்றிப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கிறதா?

மேலும் ஒரு வியப்பு. 0-இலிருந்து தொடங்கி ந-வை எட்டும் முன்புவரை உள்ள எண்களை லூப்பில் கூட்டும் செயற்கூறைக் கிளாங்கில் ‘-ஓ2’ கொடுத்துப் பார்த்தேன். லூப்பையே காணவில்லை.

மறுமொழி 3

1 கோடி போதாது. 2863311539 என்னும் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்: 286331153 வர வேண்டிய இடத்தில் உங்கள் 34-பிட் வழி 286331154 என்று தரும். உங்கள் வழி முதன்முதலில் தவறுவது அந்த எண்ணில்தான். சோதனையால் மட்டும் இதைப் பிடிப்பது கடினம். கணக்காகப் பார்த்தால் சில வரிகளில் முடிந்துவிடும்.

மேல்நோக்கி முழுமையாக்கும்போது பின்னம் சற்றே மிகையாகிறது. 1717986919-ஐப் பத்தால் பெருக்கினால் 17179869190. இது 2-இன் 34-ஆம் அடுக்கைவிட 6 கூடுதல். எனவே ந என்னும் எண்ணுக்குக் கிடைப்பது சரியான ந/10 மட்டுமன்று. அதனுடன் 6ந-வை 10 × 2^34-ஆல் வகுத்த மிகையும் சேர்ந்தே வரும். கீழ்நோக்கி முழுமையாக்கும்போது இந்த மிகை உதிர்ந்துவிட்டால் கவலையில்லை. மிக மோசமான நிலை ந-வின் கடைசி இலக்கம் 9 ஆக இருப்பது. அப்போது ந/10-இன் பின்னப் பகுதி 0.9. மிகை 0.1-ஐத் தொட்டால் அடுத்த முழு எண்ணுக்குத் தாவிவிடும். 6ந-வின் மதிப்பு 2^34-ஐ எட்டும்போது இது நிகழ்கிறது, அதாவது ந 2863311531-ஐ எட்டியபின். அதற்கு மேல் 9-இல் முடியும் முதல் எண்ணே நான் சொன்னது. 35 பிட் அளவிலோ 3435973837-ஐப் பத்தால் பெருக்கினால் மிகை 2 மட்டுமே. ந எவ்வளவு பெரிய 32-பிட் எண்ணாக இருந்தாலும் விடையில் சேரும் மிகை 1/40-ஐத் தாண்டாது. 0.9-உடன் 0.025 சேர்ந்தால் ஒன்றை எட்டாது. எனவே எல்லா எண்களுக்கும் விடை சரி.

உங்கள் 1717986919 வீணான எண் அன்று என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குறியுள்ள 32-பிட் எண்ணை 10-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். ஜிசிசி அதே எண்ணால் பெருக்கி, அதே 34 பிட்கள் நகர்த்தும். குறியுள்ள எண்கள் அளவில் 2^31-ஐத் தாண்டா. தவறு தொடங்கும் இடமோ அதற்கு மேல் இருக்கிறது. இறுதியில் கூடுதலாக ஒரு கழித்தல் வரும். சி மொழியில் வகுத்தல் பூச்சியத்தை நோக்கி முழுமையாக்கப்படுகிறது, பிட் நகர்த்தலோ கீழ்நோக்கி முழுமையாக்குகிறது. எனவே எதிர்ம எண்களுக்கு 1 சேர்த்துத் திருத்த வேண்டும்.

எந்த நிலையெண்ணுக்கும் இத்தகைய பெருக்கெண்ணைக் கண்டுபிடிக்கும் பொதுவழியை டோர்பியோர்ன் கிரான்லண்டும் பீட்டர் மாண்ட்கோமரியும் 1994-இல் வெளியிட்டனர். பெருக்கல் இன்றைய எக்ஸ்86 செயலிகள் பலவற்றில் 3 கடிகாரச் சுழற்சிகளில் முடிய, வகுத்தல் அதைப்போல் பல மடங்கு எடுத்துக்கொள்வதால் இந்த உழைப்பு பயனுள்ளது. வகுக்கும் எண் மாறியாக இருந்தால் மட்டும் இது செல்லாது. அங்கே வகுத்தல் கட்டளையே வரும்.

மறுமொழி 4

முதல் மறுமொழியில் ஒரு திருத்தம். ‘-ஓ0’ எந்தச் சாமர்த்தியமும் இல்லாத மொழிபெயர்ப்பு என்பது சரியன்று. ஜிசிசி-யில் 10-ஆல் வகுக்கும் செயற்கூறை ‘-ஓ0’ நிலையில் பார்த்தாலும் அதே 3435973837 வரும். கேள்வியில் உள்ள முதல் பட்டியலிலேயே 4-ஆல் பெருக்குவதற்கு ‘லீ’ வந்திருப்பதைக் காணலாம். 60 * 60 * 24 என்று எழுதினால் எந்த நிலையிலும் 86400 என்றே வரும். கூற்றுகளுக்கு இடையேதான் ‘-ஓ0’ கண்ணை மூடிக்கொள்கிறது. ஒரே கூற்றுக்குள் அது அவ்வளவு மந்தமானது அன்று.

லூப் மறைந்ததைப் பற்றி: கிளாங் அந்த லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மாறிகள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்ந்து, இறுதி மதிப்பை ந(ந−1)/2 என்பதற்கு நிகரான ஒரு வாய்பாடாக மாற்றிவிடுகிறது. ஜிசிசி அதே இடத்தில் லூப்பை லூப்பாகவே வைத்திருக்கும். இரண்டுமே சரியான மொழிபெயர்ப்புகள். ஏனெனில் சி மொழியின் தரவரையறை கம்பைலரிடம் கேட்பது, வெளியிலிருந்து காணக்கூடிய நடத்தை மாறக் கூடாது என்பதை மட்டுமே: எழுதப்படும் வெளியீடு, வாலட்டைல் என்று (ஒவ்வொரு முறையும் உண்மையாகவே படிக்க, எழுத வேண்டும் என்று) குறிக்கப்பட்ட மாறிகளைத் தொடும் வரிசை போன்றவை. எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்பவை அந்தக் கணக்கில் சேரா. வேகத்தை அளப்பதற்காக வெறும் லூப் எழுதி, 0 வினாடி என்று விடை கண்டு மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன்.

இதே தருக்கம் சில நேரம் நிரல் எழுதுபவரின் காலை வாரிவிடும். குறியுள்ள முழு எண் ஒன்று எல்லையை மீறினால் என்ன நடக்கும் என்பதைச் சி மொழி வரையறுக்கவே இல்லை. எனவே அ + 1 > அ என்னும் ஒப்பீட்டைக் கண்டால், எல்லை மீறல் நடக்காது என்று வைத்துக்கொண்டு, கம்பைலர் அதை ‘எப்போதும் உண்மை’ என்று சுருக்கிவிடும். எல்லை மீறலைக் கண்டறியத்தான் அந்த வரியையே எழுதினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. குறியற்ற எண்களுக்கு எல்லையில் சுற்றி வருதல் வரையறுக்கப்பட்டிருப்பதால் அங்கே அந்த ஒப்பீடு நிலைத்திருக்கும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

2863311539-ஐக் கொடுத்துப் பார்த்தேன், சொன்னபடியே தவறியது. நன்றி.

இதற்கிடையில் என் சிறு கம்பைலரைத் தொடங்கிவிட்டேன். ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டுக்குள் இப்போது நுழையும் துணிவில்லை. எனவே மரத்தின் கீழிருந்து மேலாக நடந்து, ஒவ்வொரு மதிப்பையும் ஸ்டேக்கின் உச்சியில் ‘புஷ்’ செய்வதும் (வைப்பதும்), ஒவ்வொரு செயலுக்கும் இரண்டை ‘பாப்’ செய்து (எடுத்து) விடையை மீண்டும் ‘புஷ்’ செய்வதும் என்று வைத்துக்கொண்டேன். இ = அ + ஆ * 4 என்னும் ஒரே கூற்றுக்கு 15 கட்டளைகள் வருகின்றன; ஜிசிசி-யின் ‘-ஓ0’ எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று இப்போதுதான் உணர்கிறேன். செயற்கூறின் தொடக்கத்தையும் மாறிகளின் இடங்களையும் ஜிசிசி-யின் பட்டியலைப் பார்த்து அப்படியே வைத்தேன்: இ -4-இல், அ -20-இல், ஆ -24-இல்.

இ-யின் மதிப்பு சரியாகவே வருகிறது. ஆனால் அதற்கு அடுத்த கூற்றில் அ-வைப் படித்தால், எந்த எண்ணைக் கொடுத்திருந்தாலும் 0 என்றும், ஆ-வைப் படித்தால் 4 என்றும் வருகிறது. அவ்விரண்டிலும் எழுதும் கட்டளை எதுவும் என் வெளியீட்டில் இல்லை.

மறுமொழி 2 எழுதியவரின் பதில்

இருக்கிறது, உங்கள் மூன்றாவது ‘புஷ்’தான் அது. நான் சொன்ன ரெட் ஸோனை ஜிசிசி பயன்படுத்த முடிந்ததற்குக் காரணம், அந்தச் செயற்கூறின் நடுவில் அது ஆர்எஸ்பி-யை மாற்றாததுதான். நீங்கள் ஆர்எஸ்பி-யைக் குறைக்காமல் ‘புஷ்’ செய்கிறீர்கள். முதல் ‘புஷ்’ -8 முதல் -1 வரை எழுதுகிறது. அது இ-யின் இடத்தைக் கெடுத்தாலும், இ-க்கு இறுதியில்தான் மதிப்பு வருவதால் வெளியே தெரியவில்லை. இரண்டாவது -16 முதல் -9 வரை. மூன்றாவதாக 4-ஐ ‘புஷ்’ செய்யும்போது -24 முதல் -17 வரை எட்டு பைட்கள் நிரம்புகின்றன: கீழ்ப்பாதியான -24-இல் 4, மேல்பாதியான -20-இல் 0. நீங்கள் கண்ட எண்கள் அவையே. அ-வும் ஆ-வும் அதற்கு முன்பே ஸ்டேக்குக்குப் போய்விட்டதால் முதல் கணக்கு மட்டும் தப்பியது.

ஆர்பிபி-யை அமைத்தவுடன் ‘சப் ஆர்எஸ்பி, 32’ என்று ஒரு கட்டளையைச் சேருங்கள். முடிவில் ‘பாப் ஆர்பிபி’-க்கு முன்னால் ‘மூவ் ஆர்எஸ்பி, ஆர்பிபி’ வர வேண்டும். மாறிகளுக்குத் தேவை 24 பைட்கள்தான் என்றாலும் 32 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வேறு செயற்கூறை ‘கால்’ செய்யும் கணத்தில் ஆர்எஸ்பி 16-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பது அதே உடன்பாட்டின் விதி. உங்கள் முறையில் ஒரு கணக்கின் நடுவே அழைப்பு வந்தால், அந்நேரம் ஸ்டேக்கில் காத்திருக்கும் ‘புஷ்’கள் ஒற்றைப்படையாக இருக்கக்கூடும், அப்போது கூடுதலாக 8 பைட் குறைத்துவிட்டு அழையுங்கள். இல்லையென்றால் அச்சிடும் செயற்கூறான பிரிண்ட்எஃப் சில கோவைகளில் ஒழுங்காக இயங்கி, சிலவற்றில் மட்டும் நிரலை வீழ்த்தும். பிரிண்ட்எஃப் போன்று எத்தனை மதிப்புகளையும் ஏற்கும் செயற்கூறுகளுக்கு, பதின்ம எண்கள் எதையும் அனுப்பாதபோது, அழைப்பதற்கு முன் ஈஏஎக்ஸ்-இல் 0 வைப்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு ‘மூவ் ஈஏஎக்ஸ், 0’ 5 பைட்கள் எடுக்கும். ‘எக்ஸார் ஈஏஎக்ஸ், ஈஏஎக்ஸ்’ 2 பைட்களில் முடித்துவிடும்.